தலைவெட்டிக் கோயில்: மூடிய கதவும் மூவகை ரகசியமும்

ஆங்கிலேயர் இந்தியாவில் புழங்கிய கலவைச் சொற்களுக்கென்று ஹென்றி யூலும் ஏ. சி. பர்னலும் தொகுத்த அகராதி ‘ஹாப்சன்-ஜாப்சன்’. 1886இல் வெளிவந்து 1903இல் விரிவாக்கப்பட்ட அந்த நூலில், ஃப்ரீமேசன் என்ற ரகசியச் சடங்குச் சங்கத்தின் கூடங்களுக்கு ஊர்மக்கள் வைத்த பெயர்கள் பதிவாகியிருக்கின்றன. வடக்கே ‘ஜாதூகர்’, அதாவது மந்திர வீடு. பம்பாய்ப் பக்கம் ‘சைத்தான்கானா’. தென்னாட்டில் ‘தலைவெட்டிக் கோயில்’. சங்கத்தில் புதிதாகச் சேருகிறவரின் தலையை உள்ளே வெட்டி, பிறகு ஒட்டவைத்து அனுப்புவதாக மக்கள் நம்பினார்கள் என்று அகராதி காரணமும் சொல்கிறது.

தலையை வெட்டி ஒட்டுவது வித்தைக்காரனின் வேலை. நீதிபதிகளும் ரயில்வே அதிகாரிகளும் படைத்தளபதிகளும் கூடிச் சாப்பிட்டுக் கலைகிற ஒரு சங்கத்தின் மேல் அது எப்படி ஏறியது? மந்திரவாதிகள், ஃப்ரீமேசன்கள், அமானுஷ்ய சக்தி பேசுவோர் ஆகிய மூவரும் உள்ளுக்குள் ஒரே கூட்டம் என்ற பேச்சு உலகெங்கும் உண்டு. தமிழ் யூடியூபில் ‘இலுமினாட்டி’ என்ற பெயரில் இன்றும் அது ஓடுகிறது. இந்த மூவருக்கும் பொதுவாக இருப்பது கொள்கை அல்ல, மூடிய கதவு ஒன்றுதான் என்பதே இக்கட்டுரையின் வாதம். கதவுக்குள் என்ன நடக்கிறது என்பதை வெளியே நிற்பவர்கள் தங்கள் கதைக் கருவூலத்திலிருந்து எடுத்து நிரப்பிக்கொள்கிறார்கள். தென்னாட்டில், குறிப்பாகப் பாலாற்றுப் பகுதியில், அந்தக் கருவூலம் மிகச் செழிப்பானது.

தண்டவாளத்தோடு வந்தவை

தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856 ஜூலை 1ஆம் தேதி ராயபுரத்திலிருந்து வாலாஜா சாலை வரை ஓடியது. சில ஆண்டுகளில் பாதை பாலாற்றை ஒட்டி ஆம்பூர், வாணியம்பாடி வழியாக ஏலகிரி அடிவாரத்துக்கு நீண்டது. 1864இல் பெங்களூர்க் கிளை பிரிந்ததும் ஜோலார்பேட்டை சந்திப்பு நிலையமாயிற்று. சென்னையிலிருந்து ரயிலில் பெங்களூருக்குப் போனாலும் சேலம், கோவை வழியாக மேற்குக் கரைக்குப் போனாலும் இந்த ஊரைத் தொட்டுத்தான் போகவேண்டும். தோல் மூட்டை, படைவீரன், பாதிரியார், நாடகக் கம்பெனி, சுற்றுப்பயண மந்திரவாதி எல்லாருக்கும் இதே தண்டவாளம்.

ஃப்ரீமேசன்ரி ரயிலுக்கு ஒரு நூற்றாண்டு முன்பே வந்துவிட்டது. லண்டனில் 1717இல் தலைமைக் கூடம் அமைந்தது. சென்னையின் முதல் கூடம் 1752இல் தொடங்கியது. இச்சங்கத்தில் சேர்ந்த முதல் இந்தியராகச் சொல்லப்படுபவர் ஆற்காட்டு நவாபின் மூத்த மகன் உம்தத்-உல்-உமரா. 1770களின் நடுவில் திருச்சிராப்பள்ளியில் அவருக்குத் தீட்சை நடந்தது. அவர் 1795இல் நவாபும் ஆனார். அவருக்குத் தீட்சை நடந்த அதே பத்தாண்டில், 1776 மே 1ஆம் தேதி, பவேரியாவில் ஆதாம் வைஸ்ஹவுப்ட் என்ற பேராசிரியர் தொடங்கிய சங்கம்தான் இலுமினாட்டி. அதை அந்நாட்டு அரசே 1780களில் தடைசெய்து முடித்துவிட்டது. பத்தாண்டுகூட உயிரோடு இல்லாத சங்கம் இருநூறு ஆண்டுகளாக உலகை ஆள்வதாகச் சொல்லப்படுகிறது. ஆற்காட்டு இளவரசர் சேர்ந்த சங்கமோ இன்றும் சென்னை எழும்பூரில் 1925இல் திறந்த கட்டடத்தில் பகிரங்கமாக இயங்குகிறது.

இளவரசர் ஒருவரைச் சேர்த்துக்கொண்டதால் கதவு எல்லோருக்கும் திறந்துவிடவில்லை. பல தெய்வங்களை வணங்கும் இந்துக்கள் ஒரே படைப்பாளர் மீது ஆணையிட முடியுமா என்று பல்லாண்டு வழக்காடிய பிறகே 1872இல் கல்கத்தாவில் பிரசன்ன குமார் தத் சேர்க்கப்பட்டார். பின்னாளில் விவேகானந்தரான நரேந்திரநாத் தத்தர் 1884இல் அங்கேயே சேர்ந்தார். அதுவரை பெரும்பாலான இந்தியர் அந்தக் கட்டடங்களை விளக்கேற்றுபவராக, சமையல்காரராக, வண்டியோட்டியாக மட்டுமே அறிந்திருந்தார்கள். சடங்கு தொடங்கும்போது அவர்கள் வெளியே போய்விட வேண்டும். வதந்தி பிறக்க இதைவிடத் தோதான இடம் கிடைக்காது.

ரயில், ஃப்ரீமேசன்ரி, தாயத்து மூன்றும் எப்படிப் பின்னிக் கிடந்தன என்பதற்கு லாகூரில் 1886இல் உறுப்பினரான ரட்யார்ட் கிப்ளிங்கின் ‘கிம்’ (1901) நாவலே சான்று. நாயகனின் தந்தை படையிலிருந்து ரயில்வேக்கு வந்த ஃப்ரீமேசன். அவருடைய சங்கச் சான்றிதழைத் தோல் உறையில் தைத்து, மகன் கழுத்தில் தாயத்தாகக் கட்டிவிடுகிறார்கள். உறுப்பினர் அட்டையே மந்திரத் தகடாகிவிட்டது.

கதவுக்குள் நடந்தது

தலைவெட்டும் கதை முழுக் கற்பனையும் அல்ல. கூடம் நடக்கும்போது வெளிவாசலில் உருவிய வாளோடு ஒரு காவலர் நிற்பது சங்க மரபு. வண்டியோட்டி அந்த வாளைப் பார்த்திருப்பார். புதிதாகச் சேர்பவர் கண்கட்டப்பட்டு, கழுத்தில் கயிற்றோடு உள்ளே அழைத்துச் செல்லப்படுவார். ரகசியத்தை வெளியிட்டால் தொண்டை அறுபடட்டும் என்ற வாசகம் சங்கப் படிநிலைகளில் முதலாவதன் பழைய உறுதிமொழியில் இருந்தது. இங்கிலாந்துத் தலைமைக் கூடம் 1986இல்தான் இத்தகைய தண்டனை வாசகங்களை உறுதிமொழிகளிலிருந்து நீக்க முடிவுசெய்தது.

மூன்றாம் படி முழுக்கவே ஒரு நாடகம். சாலமோன் கோயிலின் தலைமைச் சிற்பி ஹிராம் அபிஃப், தொழில் ரகசியத்தைச் சொல்ல மறுத்ததால் கொல்லப்படுகிறார். சேருகிறவர் அந்தச் சிற்பியாக நடித்து, கீழே கிடத்தப்பட்டு, பின் எழுப்பப்படுகிறார். வாள், தொண்டை, சாவு, எழுச்சி ஆகிய நான்கையும் ஒட்டுக்கேட்ட ஒருவர் ஊருக்குள் போய்ச் சொன்னால் என்னவாகும்? ‘தலையை வெட்டி ஒட்டுகிறார்கள்’ என்பது பிழையான செய்தி என்றாலும் மோசமான சுருக்கம் அல்ல.

வேடிக்கை என்னவென்றால், இதில் எதுவும் ரகசியமாக இருக்கவில்லை. சாமுவேல் பிரிச்சர்ட் என்பவர் 1730இலேயே இந்தச் சடங்குகளை லண்டனில் அச்சிட்டு விற்றுவிட்டார். மந்திர வித்தைக்கும் இதே கதைதான். தலைவெட்டும் வித்தையின் செய்முறையை ரெஜினால்ட் ஸ்காட் 1584இல் தன் ‘சூனியக் கலையின் அம்பலம்’ நூலில் விளக்கிவிட்டார். மேசையில் துளைகள் போட்டு, ஒருவரின் தலையையும் இன்னொருவரின் உடலையும் தெரியும்படி வைப்பது. சூனியக்காரிகள் என்று அப்பாவிகளைக் கொல்கிறார்களே, வித்தைக்காரன் செய்வதைப் பாருங்கள், எல்லாம் கைத்திறன் என்று காட்டவே அவர் அந்நூலை எழுதினார். அச்சில் வந்த பிறகும் இரண்டு ரகசியங்களும் ரகசியமாகவே நீடித்தன. ரகசியம் என்பது தகவல் மட்டுமல்ல, உள்ளே இருப்பவருக்கும் வெளியே இருப்பவருக்கும் நடுவிலுள்ள உறவும்தான் என்பதை இது காட்டுகிறது.

ஒட்டிய தலையின் நாடு

வடக்கே பொதுப்படையாக ‘மந்திர வீடு’ என்று சொன்ன இடத்தில், தமிழர் ஏன் தலையைக் குறிப்பாகப் பிடித்துக்கொண்டார்கள்? ஜோலார்பேட்டையிலிருந்து சென்னை போகும் பாதையில் குடியாத்தம் இருக்கிறது. அங்கே கோபாலபுரம் கெங்கையம்மன் கோயிலில் ஆண்டுதோறும் வைகாசி முதல் நாள் சிரசுத் திருவிழா. அம்மனின் சிரசு ஊர்வலமாக வந்து, கோயிலில் உடலோடு பொருத்தப்படுகிறது. பெருங்கூட்டம் திரளும் விழா அது. பின்னணியில் இருப்பது ரேணுகையின் கதை. தந்தை சொல்லுக்காகப் பரசுராமன் தாயின் தலையை வெட்டுகிறான். வரம் பெற்றுத் திரும்ப ஒட்டும்போது தலை இன்னொருத்தியின் உடலில் பொருந்திவிடுகிறது. நாட்டார் வழக்குகள் பலவற்றில் அந்த இன்னொரு உடல் ஊருக்கு வெளியே ஒதுக்கப்பட்ட சாதிப் பெண்ணுடையது. தோல் பதனிடுவதைத் தொழிலாகக் கொண்ட ஒரு பகுதியில் இந்தக் கதையின் கனம் தனியானது. அதே ரேணுகையை ரேணுகாம்பாளாக வழிபடும் படவேடும் தொலைவில் இல்லை.

அதே ரயில் பாதை தெற்கே சேலம் போகிறது. அங்கே ‘தலைவெட்டி முனியப்பன்’ என்று வழிபடப்பட்டுவந்த சிலை புத்தருடையது என்று 2022இல் சென்னை உயர் நீதிமன்றம் தொல்லியல் துறையின் ஆய்வை ஏற்றுத் தீர்ப்பளித்தது. தெய்வத்துக்குத் தன் தலையைத் தானே அரிந்து கொடுக்கும் வீரரின் நவகண்டச் சிற்பங்கள் தமிழகத்தில் பல இடங்களில் உண்டு. பாலம் நிற்கவேண்டுமானால் தலை வேண்டும், பிள்ளை பிடிக்க ஆள் வருகிறான் என்ற பயமுறுத்தலைக் கேட்டு வளர்ந்தவர்கள் நம்மிடையே இன்னும் இருக்கிறார்கள்.

குடியாத்தத்துச் சிரசிலிருந்துதான் ‘தலைவெட்டிக் கோயில்’ பிறந்தது என்று நேர்க்கோடு போட முடியாது. ஆனால் தலை வெட்டுண்டு திரும்பச் சேர்வது இங்கே பொருள் உள்ள செய்தி. அது தண்டனையும் மீட்பும் கலந்தது, சாதாரண ஆளைத் தெய்வமாக்குவது. புரியாத வெள்ளைக்காரச் சடங்கு ஒன்றைத் தமிழர்கள் தங்களுக்குத் தெரிந்த சடங்கின் மொழியில் பெயர்த்துக்கொண்டார்கள். கோயில் என்று சொன்னதே ஒருவகை மரியாதை.

தெருவிலிருந்து மேடைக்கு

கருவூலத்தின் இன்னொரு பகுதி தெருவில் இருந்தது. சந்தை நாளில் மோடி வித்தைக்காரன் வட்டம் போடுவான். பையனைப் படுக்கவைத்துத் துணியால் மூடி, கழுத்தில் கத்தி வைப்பான். ரத்தம் தெரியும். காசு போடாமல் வட்டத்தை விட்டு நகர்ந்தால் ரத்தம் கக்கிச் சாவாய் என்பான். காசு சேர்ந்ததும் பையன் எழுந்துவிடுவான். கடைசியில் தாயத்து விற்பனை. இதில் கைத்திறனுக்கும் அமானுஷ்யத்துக்கும் நடுவே கோடு கிடையாது. வித்தை தாயத்துக்கு விளம்பரம், தாயத்து வித்தைக்கு வருமானம். லீ சீகல் 1991இல் எழுதிய ‘நெட் ஆஃப் மேஜிக்’ நூல் வட இந்தியத் தெரு வித்தைக்காரர்களிடமும் இதே வணிகத்தைக் காண்கிறது.

இந்தத் தெருக்கலையின் தமிழ்க் கிளை உலக மேடைக்கும் போயிருக்கிறது. ராமசாமி என்ற வித்தைக்காரர் 1810களில் லண்டனுக்குப் போய் ‘ராமோ சாமி’ என்று புகழ்பெற்றார். அத்தகைய இந்திய வித்தைக்காரர்களைப் பார்த்த எழுத்தாளர் வில்லியம் ஹாஸ்லிட் ஒரு கட்டுரையே எழுதினார். ராமசாமி 1850இல் அங்கேயே வறுமையில் இறந்தார். சென்னையில் 1830 வாக்கில் சேஷாலு என்ற பிராமணர் தரையைத் தொடாமல் காற்றில் அமர்ந்து காட்டினார். கை ஊன்றியிருந்த கழியும் சுருட்டிய மான்தோலும்தான் சூட்சுமம். தோலுக்குள்ளும் சட்டைக் கைக்குள்ளும் இரும்புத் தாங்கி ஒளிந்திருந்தது என்பது பரவலான விளக்கம். பின்னாளில் பாரிஸில் மந்திரவாதி ராபர்ட்-ஹூடின் தன் மகனை அதே முறையில் மிதக்கவைத்தார். சேஷாலு யோகம் என்று காட்டியதை அவர் ஈதர் வாயுவின் விளைவு என்றார். கருவி ஒன்று. சென்னைக் கூட்டத்துக்கு யோகம் நம்பத்தகுந்ததாக இருந்தது, பாரிஸ் கூட்டத்துக்கு வேதியியல்.

இந்திய மேடை மந்திரத்தின் உச்சம் பி. சி. சர்க்கார். 1956 ஏப்ரல் 9ஆம் தேதி பி.பி.சி.யின் ‘பனோரமா’ நிகழ்ச்சியில் ஓர் இளம்பெண்ணை மின்ரம்பத்தால் அறுத்தார். அந்தப் பெண் எழும் முன்பே நேரம் முடிந்து நிகழ்ச்சி சட்டென நின்றது. பெண் செத்துவிட்டாள் என்று நினைத்தவர்களின் தொலைபேசி அழைப்புகள் நிலையத்தில் குவிந்தன. மறுநாள் பத்திரிகைகளில் சர்க்கார் பெயர்தான். வெட்டியதைக் காட்டி ஒட்டியதைக் காட்டாமல் விட்டால், லண்டனும் தலைவெட்டிக் கோயிலை நம்பும்.

அடையாற்று அலமாரி

அமானுஷ்யம் தன்னை வித்தை என்று ஒப்புக்கொள்ளாத இடத்தில்தான் சிக்கல் தொடங்குகிறது. அதன் நேரடி உதாரணமும் சென்னையிலேயே இருக்கிறது. பிளாவட்ஸ்கி அம்மையாரும் கர்னல் ஆல்காட்டும் 1875இல் நியூயார்க்கில் தொடங்கிய பிரம்மஞான சபை 1882 இறுதியில் அடையாறுக்கு வந்தது. அம்மையாரின் படுக்கையறைக்கு அடுத்த அறையில் சுவரோடு ஒரு மர அலமாரி. அதில் கடிதம் வைத்தால் இமயத்து மகாத்மாக்களிடமிருந்து பதில் வரும். 1883இல் ஒரு பீங்கான் தட்டு விழுந்து உடைந்தது. துண்டுகளை உள்ளே வைத்து மூடித் திறந்தபோது முழுத் தட்டாக இருந்தது. உடைந்ததை ஒட்டவைப்பது மந்திரவாதிகளின் மிகப் பழைய வித்தைகளில் ஒன்று.

வீட்டுப் பொறுப்பில் இருந்த எம்மா, அலெக்சிஸ் கூலோம் தம்பதியர் 1884இல் வெளியேற்றப்பட்டார்கள். தங்களிடமிருந்த கடிதங்களை அவர்கள் கொடுக்க, சென்னை கிறிஸ்தவக் கல்லூரி இதழ் அந்தச் செப்டம்பரில் வெளியிட்டது. லண்டன் அமானுஷ்ய ஆய்வுக் கழகம் ரிச்சர்ட் ஹாட்ஜ்சனை அனுப்பியது. அலமாரியின் பின்பக்கம் வழியாகப் படுக்கையறையிலிருந்து கைவிட வழி இருந்தது, அதே மாதிரித் தட்டு சென்னைக் கடையில் வாங்கப்பட்டது என்றெல்லாம் 1885இல் அவர் அறிக்கை தந்தார். அந்த ரகசிய வழியைப் பழிவாங்கும் நோக்கில் கூலோமே செய்துவைத்தார் என்பது சபையின் பதில். அறிக்கையின் கையெழுத்து ஆய்வு பலவீனமானது என்று 1986இல் வெர்னன் ஹாரிசன் அதே கழகத்தின் இதழில் எழுதினார். வழக்கு முழுதாக முடியவில்லை என்றே வைத்துக்கொண்டாலும், விசாரணை முழுவதும் தச்சுவேலையைப் பற்றியதாகவே இருந்தது என்பது முக்கியம். ஆன்மிகத்தைச் சோதிக்க வந்தவர் பலகையையும் கீலையும் தேடினார்.

ஃப்ரீமேசன்ரிக்கும் அமானுஷ்யத்துக்கும் தொடர்பே இல்லை என்று சொல்வதும் சரியல்ல. பெண்களையும் சேர்க்கும் இணை ஃப்ரீமேசன்ரியில் அன்னி பெசன்ட் 1902இல் பாரிஸில் சேர்ந்து, அதை அடையாறு வட்டத்துக்குள் கொண்டுவந்தார். லண்டனில் 1888இல் ‘பொன் விடியல்’ என்ற மாந்திரிக சங்கத்தை அமைத்த மூவருமே ஃப்ரீமேசன்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் காலியோஸ்ட்ரோ ‘எகிப்திய’ ஃப்ரீமேசன்ரி என்று ஒன்றை நடத்தி, ரோமில் கைதாகி, 1795இல் சிறையில் இறந்தார். இவர்கள் சங்கத்தின் மேடையை, படிநிலைகளை, உறுதிமொழியை எடுத்துக்கொண்டு உள்ளடக்கத்தை மாற்றிக்கொண்டவர்கள். தலைமைக் கூடங்கள் இத்தகைய கிளைகளை அங்கீகரிப்பதில்லை.

மந்திரவாதிகளுக்கும் இதே கணக்குத்தான். ஹாரி ஹூடினி 1923இல் நியூயார்க்கில் ஃப்ரீமேசன் ஆனார். கெல்லர், தர்ஸ்டன் போன்ற அமெரிக்க மந்திரவாதிகளும் உறுப்பினர்கள். ஊர் ஊராகச் சுற்றுகிற கலைஞனுக்கு எந்த ஊரிலும் கதவு திறக்கும் சங்கம் பயனுள்ளது. அன்றைய அமெரிக்காவில் வணிகர், மருத்துவர், ரயில்வேக்காரர் எல்லோரும் அதற்காகவே சேர்ந்தார்கள். மந்திரவாதிகளின் சொந்தச் சங்கங்களும் அந்த வடிவத்தை இரவல் வாங்கின. 1902இல் அமெரிக்காவிலும் 1905இல் லண்டனிலும் அமைந்த சங்கங்கள் ரகசியம் காக்க உறுதிமொழி கேட்டன. 1926இல் ஹூடினியின் இறுதிச் சடங்கில் மந்திரக்கோலை முறித்தது இன்றும் தொடரும் சடங்காயிற்று. அந்த ஹூடினிதான் ஆவி பேசவைக்கிறோம் என்றவர்களைத் துரத்தித் துரத்தி அம்பலப்படுத்தினார். லண்டன் மந்திரவாதி மாஸ்கலின் அவருக்கு முன்பே அதைச் செய்து, 1912இல் பிரம்மஞான சபைக்கு எதிராகவும் நூல் எழுதினார். மூன்றும் ஒரே கூட்டம் என்ற கோட்பாடு இங்கே உடைகிறது. அமானுஷ்யத்தின் மிகக் கடுமையான எதிரிகள் மந்திரவாதிகளே.

புதுச்சேரிக்கு வந்த சாத்தான்

பிறகு அந்தக் கோட்பாட்டை முழு வடிவில் எழுதியது யார்? பிரெஞ்சு எழுத்தாளர் லியோ டாக்ஸில். திருந்திய கத்தோலிக்கனாக 1885இல் வேடமிட்டு, ஃப்ரீமேசன்கள் சாத்தானை வழிபடுகிறார்கள் என்று பன்னிரண்டு ஆண்டுகள் எழுதிக் குவித்தார். அவர் கூட்டத்திலிருந்து ‘டாக்டர் பத்தாய்’ என்ற புனைபெயரில் 1892 முதல் தொடராக வந்த நூல், அந்தச் சாத்தான் சடங்குகளைப் புதுச்சேரிக்கும் கல்கத்தாவுக்கும் கொண்டுபோனது. பிரெஞ்சு வாசகனுக்குத் தெரிந்த தமிழ் ஊரில், வித்தைக்காரர்களும் பக்கிரிகளும் ஃப்ரீமேசன்களும் சாத்தானுக்குப் பணி செய்தார்கள். 1896இல் ஏ. இ. வெய்ட் என்ற எழுத்தாளர் அதன் பொய்களைப் பிரித்துக்காட்டினார். 1897 ஏப்ரல் 19ஆம் தேதி பாரிஸில் அரங்கைக் கூட்டி, எல்லாம் என் கட்டுக்கதை என்று டாக்ஸிலே அறிவித்தார். நம்பியவர்களில் பலர் அதன் பிறகும் நம்பினார்கள்.

யார் விலை கொடுத்தார்கள்

இந்த வதந்திகளை எல்லாம் ஒரே தட்டில் வைக்க முடியாது. ‘தலைவெட்டிக் கோயில்’ என்று சொன்ன பாலாற்றுக்காரர், தன்னை உள்ளே விடாத அதிகாரத்துக்குத் தன் மொழியில் பெயர் வைத்தார். அதனால் எந்த ஃப்ரீமேசனுக்கும் ஒரு கேடும் வரவில்லை. டாக்ஸில் பரப்பிய பொய்யோ அவர் ஒப்புக்கொண்ட பிறகும் ஐரோப்பாவில் அலைந்து, 1903இல் ரஷ்யாவில் அச்சான ‘சீயோன் மூப்பர்’ போலி ஆவணத்தோடு கலந்தது. யூதரும் ஃப்ரீமேசனும் சேர்ந்து உலகை விழுங்கும் சதி என்ற கதை அதிலிருந்து பருத்தது. 1935இல் ஜெர்மனியில் கூடங்கள் மூடப்பட்டன, 1940இல் ஃபிராங்கோவின் ஸ்பெயினில் சங்கத்தில் இருந்ததே சட்டப்படி குற்றமாயிற்று. யூதர்களுக்கு நேர்ந்தது உலகறிந்தது. இன்றைய ‘இலுமினாட்டி’ப் பேச்சு இறக்குமதியான இந்த இரண்டாவது சரக்கு. தலைவெட்டிக் கோயிலின் பேரப்பிள்ளை அல்ல.

தாயத்துக்கான விலையை ஏழைகள் கொடுக்கிறார்கள். மந்திர மருந்து விளம்பரங்களுக்கு எதிராக 1954இலிருந்தே நாட்டில் சட்டம் உண்டு. அதைவிடக் கூர்மையாக வேலை செய்தவர்கள் வித்தை கற்றவர்கள். கொழும்பில் வாழ்ந்த ஆபிரகாம் கோவூர், சோதனைக்கு உட்பட்டு அற்புதம் செய்துகாட்டுபவருக்கு 1963இல் ஒரு லட்சம் ரூபாய் அறிவித்தார். அவருக்குப் பின் அந்தச் சவாலைத் தொடர்ந்தவர் பி. பிரேமானந்த். ஜோலார்பேட்டையிலிருந்து மேற்கே போகும் அதே ரயில் பாதையில் இருக்கும் போத்தனூர்தான் அவர் ஊர். விபூதி வரவழைப்பது, நெருப்பு விழுங்குவது எல்லாவற்றையும் ஊர் ஊராகச் செய்துகாட்டி, உடனே செய்முறையையும் சொல்லிக்கொடுத்தார். பரிசுப் பணத்தை யாரும் வெல்லவில்லை.

ஒரு ரகசியக் கதவு முன்னால் நிற்கும்போது உள்ளே என்ன இருக்கிறது என்று ஊகிப்பது மனித இயல்பு. அதைவிடப் பயனுள்ள கேள்விகள் மூன்று உண்டு: உள்ளே இருப்பவர் தன்னிடம் இருப்பதை என்னவென்று சொல்கிறார், சோதிக்க விடுகிறாரா, அந்த நம்பிக்கைக்கு யார் காசு கொடுக்கிறார்கள்? மேடை மந்திரவாதி வித்தை என்கிறார், சீட்டுக்கு மட்டும் காசு வாங்குகிறார். ஃப்ரீமேசன் தன்னுடையது ஒழுக்க நாடகம் என்கிறார், அவர்களே சந்தா கட்டிக்கொள்கிறார்கள். தாயத்துக்காரரும் சதிக்கதை விற்பவரும் உண்மை என்கிறார்கள், சோதிக்க விடுவதில்லை, விலையை மற்றவர் தலையில் கட்டுகிறார்கள். நம் சந்தேகம் முதலில் போகவேண்டிய இடம் அதுவே.